விருதா என்ற ஒரு சொல்

ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில், பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்து முடிப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். உயிர்த்தெழுதலைப் பற்றி வேதாகமத்தில் ஒரே இடத்தில் கிடைக்கும் மிக நீண்ட விளக்கம் அதுதான், 58 வசனங்கள். சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை வாசித்தும் கேட்டும் பழகிய அந்த அதிகாரத்தில் என் கண்ணில் படாமலே இருந்த ஒன்று, அப்பா படுத்த படுக்கையாக இருந்த நாட்களில், ஓர் இரவு இரண்டு மணிக்குமேல் அவர் கட்டிலருகே விழித்திருந்தபோது முதன்முறையாகக் கண்ணில் பட்டது.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 14-ஆம் வசனம் இப்படி இருக்கிறது: "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா." மரணத்தையும் கல்லறையையும் கடைசி எக்காளத்தையும் பற்றிப் பேசி முடித்துவிட்டு, அதிகாரத்தின் கடைசி வசனத்தில் பவுல் வந்து நிற்கும் இடமோ இது: கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் "விருதாவாயிராது." தொடக்கத்தில் விசுவாசத்தைக் குறித்து அச்சுறுத்தலாக வந்த அதே சொல், முடிவில் உழைப்பைக் குறித்த வாக்குறுதியாகத் திரும்பி வருகிறது. பிறகு தேடிப் பார்த்தபோது, மூலமான கிரேக்கத்திலும் இரண்டு இடங்களிலும் கெனோஸ் என்ற ஒரே சொல்தான் இருப்பதை அறிந்தேன். வெறுமையானது, உள்ளே ஒன்றும் இல்லாதது என்பது அதன் பொருள். இடையில் 17-ஆம் வசனத்தில் பவுல் வேறொரு கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்பதால், தமிழில் அங்கே "வீண்" என்று மாற்றியிருக்கிறார்கள். அந்த நுட்பத்தைக் கைவிடாமல் காப்பாற்றிய மொழிபெயர்ப்பாளர்களுக்கு நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன்.

நான் ஏன் அந்த ஒரு சொல்லில் அப்படி ஒட்டிக்கொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்த பிறகு அப்பா ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் எழுந்திருக்கவில்லை. இடது பக்கம் முழுவதும் செயலற்றுப் போயிற்று, பேச்சும் போயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அசையாமல் கிடக்கும் உடம்பில் எலும்பு துருத்தி நிற்கும் இடங்களான இடுப்பு, குதிகால், முதுகின் அடிப்பகுதி ஆகியவை படுக்கையோடு அழுந்தும்போது அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சதை சிறிது சிறிதாகச் செத்துப்போகும், அதுதான் படுக்கைப்புண். அதைத் தவிர்ப்பதற்காக இரவும் பகலும் புரட்டுவது, துடைப்பது, துணி மாற்றுவது, ஊட்டுவது, மறுபடியும் துடைப்பது என்று நாட்கள் கழிந்தன. இந்த வேலையின் கொடுமை களைப்பில் இல்லை. காலையில் செய்து முடித்தது மாலைக்குள் ஒரு தடயமும் இல்லாமல் மறைந்துபோகும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் முடிவு மாறப்போவதில்லை என்பது செய்கிறவருக்கும் தெரியும், பார்க்க வருகிறவர்களுக்கும் தெரியும். "எதற்காக இவ்வளவு சிரமப்படுகிறீர்கள்?" என்று அன்போடு கேட்டவர்கள் பலர். அந்தக் கேள்வியை அவர்களைவிட அதிகமாக என்னிடம் நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொரிந்தில் சிலர், மரித்தோர் உயிர்த்தெழுதல் என்று ஒன்று இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கிறிஸ்துவை விட்டுப் போனவர்கள் அல்லர்; சபைக்குள்ளேயே இருந்தவர்கள். உயிர்த்தெழுதல் இல்லாமலும் நல்ல போதனை இருக்கிறது, அழகான ஆராதனை இருக்கிறது, ஒருவரையொருவர் நேசிக்கும் கூட்டம் இருக்கிறது, அது போதாதா என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடும். பவுல் அவர்களைச் சமாதானப்படுத்தவே இல்லை. ஒரு வியாபாரி நஷ்டக் கணக்கை வரிசையாக எழுதுவதைப் போல எழுதிக்கொண்டே போகிறார்: கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கம் போயிற்று, உங்கள் விசுவாசம் போயிற்று, நாங்கள் தேவனைக் குறித்துப் பொய்ச்சாட்சி சொன்னவர்கள் ஆகிறோம், நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருக்கிறீர்கள், மரித்துப்போனவர்கள் கெட்டுப்போனார்கள், எல்லா மனிதரிலும் நாமே பரிதாபத்துக்குரியவர்கள். எந்த மதமும் தன் எதிரியின் கையில் இவ்வளவு தெளிவாக ஆயுதத்தைக் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. இது நடக்கவில்லை என்றால் எங்களை விட்டுவிடுங்கள், மீதி எதையும் காப்பாற்ற முயலாதீர்கள் என்கிறார். உயிர்த்தெழுதலை வசந்தத்தின் குறியீடு என்றும், நம்பிக்கை என்ற சாகாத மனித உணர்வின் உருவகம் என்றும் விளக்கும் உரைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிசை நினைவுக்கு வரும். உருவகத்துக்காக யாரும் இப்படி எல்லாவற்றையும் பணயம் வைப்பதில்லை.

அந்த நிருபம் எழுதப்பட்டது கி.பி. 55-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எபேசு பட்டணத்திலிருந்து. சிலுவை மரணம் கி.பி. 30 அல்லது 33 என்று பெரும்பாலான அறிஞர்கள் கணிக்கிறார்கள். ஆகவே இடைவெளி ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்குள்தான். கேபா என்ற பேதுரு, பன்னிரு சீஷர், ஒரே வேளையில் 500-க்கு அதிகமான சகோதரர், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லாரும், கடைசியாகத் தானும் என்று கண்டவர்களைப் பட்டியலிடும் பவுல், அந்த 500 பேரில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள் என்று ஒரு வரியைச் சேர்க்கிறார். உயிரோடு இருக்கிறவர்களைச் சுட்டிக்காட்டுகிறவர், போய்க் கேட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்கிறார்.

அந்தப் பட்டியலில் கல்லறைக்கு முதலில் போன பெண்களின் பெயர்கள் இல்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே இருந்து வருகிறது. நான்கு சுவிசேஷங்களும் அவர்களை விட்டுவிடவில்லை. பெண்களின் சாட்சி ஏற்கத்தக்கதல்ல என்று அதே முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார்; அப்படிப்பட்ட காலத்தில், கதை கட்டுகிறவன் எவனும் முதல் சாட்சிகளாகப் பெண்களை நிறுத்தமாட்டான் என்று பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அது வலுவான வாதம்தான். ஆனால் அப்பாவின் கட்டிலருகே இருந்த எனக்கு வேறொன்றுதான் பெரிதாகத் தெரிந்தது. அந்தப் பெண்கள் எதற்காகப் போனார்கள்? உயிர்த்தெழுதலைக் காணப் போகவில்லை. மகதலேனா மரியாளும், யாக்கோபின் தாயாகிய மரியாளும், சலோமேயும் ஒரு பிணத்துக்கு நறுமணப் பொருள்களைப் பூசுவதற்காக, விடியற்காலையில், கையில் சுமையோடு போனார்கள். வாசலை அடைத்திருக்கும் கல்லை யார் புரட்டுவார்கள் என்ற கேள்விக்குக்கூட அவர்களிடம் விடை இல்லை. அதைப் பேசிக்கொண்டே நடந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். செத்துப்போன, அழுகத் தொடங்கியிருக்கும் என்று அவர்கள் நினைத்த ஓர் உடம்பைப் பராமரிக்கப் போவதைவிடப் பயனற்ற உழைப்பு உலகத்தில் உண்டா? போதாக்குறைக்கு நிக்கொதேமு ஏற்கெனவே நூறு இராத்தல் அளவு வெள்ளைப்போளமும் கரியபோளமும் வைத்து அடக்கம் செய்தாயிற்று என்று யோவான் சொல்கிறார். கணக்குத் தெரிந்த யாரும் அந்தப் பெண்களைத் தடுத்திருப்பார்கள்.

அவர்கள் கொண்டுபோன நறுமணப் பொருள்கள் பயன்படவே இல்லை. ஆனால் உலகத்தில் முதன்முதலாக அந்தச் செய்தியைக் கேட்டவர்கள், அந்தப் பயனற்ற வேலைக்காகத் தூக்கத்தை விட்டு எழுந்து போனவர்கள்தான். ஓடி ஒளிந்துகொண்ட சீஷர்களிடம் அவர்கள் போய்ச் சொன்னபோது, அது "வீண்பேச்சாகத்" தோன்றியது என்று லூக்கா எழுதுகிறார். இங்கேயும் வீண்! ஈஸ்டர் காலை முழுவதும் இந்தச் சொல் ஒரு நிழலைப் போல அவர்களைத் தொடர்ந்து வருகிறது.

அப்பா இறந்தபோது எனக்கு ஆறுதல் சொன்னவர்கள், அதிலும் நல்ல விசுவாசிகள், திரும்பத் திரும்பச் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு: "உடம்பு வெறும் கூடுதானே, உயிர் பறந்து போய்விட்டது." நமக்கு மிகவும் பழக்கமான உவமை இது. உடம்போடு உயிருக்குள்ள நட்பு, குடம்பையைத் தனியே விட்டுப் பறவை பறந்துபோவதைப் போன்றது என்று திருக்குறளில் நிலையாமை அதிகாரத்தில் வருகிறது. அந்த உவமையின் அழகுக்கு முன் யாரும் தலைவணங்குவார்கள். ஆனால் கல்லறையருகே நின்றுகொண்டு அந்த வாக்கியத்தைக் கேட்டபோது என் மனம் அதை ஏற்க மறுத்தது. நான்கு ஆண்டுகள் நான் துடைத்ததும் புரட்டியதும் அந்தக் கூட்டைத்தான். அது வெறும் கூடு என்றால், என் கைகள் செய்ததெல்லாம் எறியப்படப்போகும் பொருளுக்கு மெருகு போட்டதாகத்தான் முடியும்.

கிறிஸ்தவ விசுவாசம் அப்படிச் சொல்லவில்லை என்பதை நான் உண்மையில் அப்போதுதான் புரிந்துகொண்டேன். ஆத்துமா சாகாதது என்ற கருத்து மட்டும் போதும் என்றால் ஈஸ்டருக்கு அவசியமே இல்லை. கல்லறை அப்படியே மூடியிருந்திருக்கலாம். விசுவாசப் பிரமாணத்தில் நாம் அறிக்கையிடுவது சரீரம் உயிர்த்தெழுதலை. எழுந்த கிறிஸ்துவைச் சுவிசேஷங்கள் காட்டும் விதமும் இதைத்தான் வற்புறுத்துகிறது: ஆவியைக் காண்பதாக நினைத்துக் கலங்கியவர்களிடம் அவர் தொட்டுப் பாருங்கள் என்கிறார், உண்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார், மீனை வாங்கி அவர்கள் முன்பாகப் புசிக்கிறார். அதே சமயம் அது வெறுமனே பழைய வாழ்வுக்குத் திரும்பிய உடம்பும் அன்று. இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய லாசரு எழுந்தான், பிறகு ஒருநாள் மறுபடியும் செத்தான். கிறிஸ்துவோ மரணத்தின் அப்புறத்துக்குப் போய்விட்டார். பூட்டிய அறையில் வந்து நிற்கிறார், மகதலேனா மரியாளே தோட்டக்காரர் என்று எண்ணும்படி அடையாளம் மறைந்திருக்கிறார். பவுல் இதற்கு விதையைச் சொல்கிறார். பலவீனமுள்ளதாய் விதைக்கப்படுவது பலமுள்ளதாய் எழுந்திருக்கும் என்கிறார். விதையையும் பயிரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோல் இராது, ஆனால் விதையைத் தவிர வேறெங்கிருந்தும் பயிர் வருவதில்லை.

எனக்கு மிக நெருக்கமானது அந்த உடம்பில் இருந்த காயங்கள். சீஷனாகிய தோமாவுக்குக் காட்டப்பட்ட கைகளிலும் விலாவிலும் காயத்தின் அடையாளம் அப்படியே இருக்கிறது. மரணத்தையே வென்ற வல்லமைக்கு அந்தத் தழும்புகளை அழிப்பது பெரிய காரியம் இல்லை, ஆனாலும் அழிக்கவில்லை. அப்பாவின் முதுகின் அடியில், எவ்வளவு பார்த்துக்கொண்டும், மூன்றாம் ஆண்டில் ஒரு புண் வந்துவிட்டது. அதைக் கழுவிக் கட்டிய ஒவ்வொரு நாளும் அது என் தோல்வியின் முத்திரை என்றே நினைத்தேன். பட்ட பாட்டின் அடையாளங்கள் மறைக்கப்படாமல், அதேவேளையில் வலியில்லாமல், ஒரு மகிமைக்குள் எடுத்துச் செல்லப்பட முடியும் என்பதை அந்தப் பூட்டிய அறைக் காட்சியிலிருந்துதான் கற்றேன்.

புண் வந்த கதையை முழுவதும் சொன்னால்தான் இந்தப் பதிவு உண்மையாக இருக்கும். அந்த மாதத்தில் சில இரவுகள், நேரம் ஆனதை அறிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. அப்பா தொண்டையில் எழுப்பும் ஒலி எனக்குக் கேட்டது. கேட்காதவர்போல் போர்வைக்குள் படுத்திருந்தேன். எத்தனை இரவுகள் என்று எண்ணிச் சொல்ல முடியும், ஆனால் எழுத மனம் வரவில்லை. அவரால் யாரிடமும் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும், அது தெரிந்துதான் படுத்திருந்தேன். அவர் போன பிறகு மன்னிப்புக் கேட்பதற்கும் வழியில்லாமல் போயிற்று. கிறிஸ்து எழுந்திராவிட்டால் "நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள்" என்று பவுல் எழுதும் வரி, அதுவரை எனக்கு ஓர் இறையியல் வாக்கியமாக இருந்தது. பாவத்துக்குள் *இருப்பது* என்றால் என்னவென்று அதன் பின்புதான் தெரிந்தது. ஓர் அறைக்குள் இருப்பதைப் போல அதற்குள் இருக்கலாம். கதவு வெளிப்பக்கத்தில் பூட்டியிருக்கும்.

யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டு முறை வருகிறது. முதல் முறை பிரதான ஆசாரியனின் முற்றத்தில். குளிர்காய்ந்துகொண்டு நின்ற பேதுரு, நான் இயேசுவின் சீஷன் அல்ல என்று சொல்கிறார். இரண்டாம் முறை திபேரியா கடற்கரையில். இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் அகப்படாமல் களைத்துப்போனவர்கள், பின்பு உயிர்த்தெழுந்த இயேசு சொல்லி வீசியதால் கிடைத்த 153 பெரிய மீன்களோடு கரைக்கு வரும்போது, அங்கே ஏற்கெனவே கரிநெருப்பு போடப்பட்டு, மீனும் அப்பமும் ஆயத்தமாக இருக்கின்றன. மூலமொழியில் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. அந்தப் புகையின் வாசனை பேதுருவுக்கு எதை நினைவூட்டியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. மூன்று முறை மறுதலித்தவரிடம் மூன்று முறை, நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்ற கேள்வி. "ஏன் அப்படிச் செய்தாய்?" என்ற கேள்வி ஒரு முறைகூட வரவில்லை. முதலில் வருவது "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்ற அழைப்பு. இறுதியில் வருவது ஆடுகளை மேய்க்கும் வேலை. மறுதலிக்கப்பட்டவர் உயிரோடு வந்து நின்றால் ஒழிய இந்த மன்னிப்பு நிகழ முடியாது. செத்துப்போனவர்களிடம் நாம் மன்னிப்புப் பெற முடியாது என்பதுதான் என்னை நசுக்கிக்கொண்டிருந்தது. ஈஸ்டர் அந்த "முடியாது" என்பதன் மேல்தான் கை வைக்கிறது. அப்பாவை மறுபடியும் காண்பேன் என்று நான் நம்புவது, பிரிவின் ஏக்கத்தால் மட்டும் இல்லை. அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

இந்த விசுவாசம் துக்கத்தைத் துடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். லாசருவை எழுப்பப் போகிறோம் என்பதை அறிந்தே கல்லறைக்குப் போன இயேசு அங்கே கண்ணீர் விட்டார். ஆகவே உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் அழக்கூடாது என்று யாராவது போதித்தால், அவர்கள் தங்கள் ஆண்டவரைவிட அதிக ஆவிக்குரியவர்களாக இருக்க முயல்கிறார்கள் என்றுதான் நினைப்பேன்.

325-ஆம் ஆண்டு திருச்சபை ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தைப் பற்றிப் பேசும்போது ஈஸ்டர் நாளைக் கணக்கிடும் சர்ச்சையை எல்லாரும் குறிப்பிடுவார்கள். அதே சங்கத்தின் 20-ஆம் விதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஈஸ்டரிலிருந்து பெந்தெகொஸ்தே வரையிலான நாட்களிலும் முழங்காலிடாமல் நின்றுகொண்டே ஜெபிக்க வேண்டும் என்கிறது அது. உயிர்த்தெழுதலைக் குறிக்கும் அனஸ்தாசிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு எழுந்து நிற்றல் என்பதே நேர்ப்பொருள். அந்த ஐம்பது நாட்களும் உடம்பே அந்தச் சொல்லை உச்சரிக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். தமிழில் உயிர்த்து எழுதல் என்று இரண்டு வினைகளைச் சேர்த்துச் சொல்கிறோம். இரண்டாவது வினையை நான் நெடுங்காலம் கவனிக்கவில்லை. இரவு இரண்டு மணிக்குப் போர்வையை விலக்கி எழுவதற்கும் அதே வினைச்சொல்தானே.

பவுலின் அதிகாரத்துக்கே திரும்புகிறேன். வேதாகமத்தை அதிகாரங்களாகப் பிரித்தது 13-ஆம் நூற்றாண்டில்தான். பவுல் எழுதியபோது 15-க்கும் 16-க்கும் இடையில் கோடு எதுவும் இல்லை. மரணமே உன் கூர் எங்கே என்று முழங்கி, பிரயாசம் விருதாவாகாது என்று முடித்த அடுத்த வாக்கியத்திலேயே அவர் எதைப் பேசுகிறார் தெரியுமா? தர்மப்பணம். எருசலேமில் உள்ள ஏழை விசுவாசிகளுக்காக, வாரத்தின் முதல் நாளில், அவரவர் வரவுக்குத் தக்கதாக ஒரு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள், நான் வந்த பிறகு திரட்ட வேண்டாம் என்கிறார். வாரத்தின் முதல் நாள் என்பது கல்லறை திறந்த நாள். எக்காளத்திலிருந்து பணப்பைக்கு ஒரே தாவல்! முன்பெல்லாம் இது எனக்கு ஓர் இறக்கமாகத் தோன்றியது. இப்போது, உயிர்த்தெழுதலைப் பற்றி அவர் சொன்னதிலேயே மிகவும் நம்பத்தக்க பகுதி இதுதான் என்று தோன்றுகிறது. எழுந்தவரை நம்புகிறவர்களின் கை அந்த வாரமே எதையோ செய்யும் என்று அவர் எதிர்பார்த்தார்.

அப்பா போன அடுத்த ஆண்டு முதல், வாரத்தில் இரண்டு இரவுகள் ஒரு வீட்டுக்குப் போய்வருகிறேன். அங்கே ஒரு முதியவர் அப்பாவைப் போலவே கிடக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ளும் மகள் அந்த இரண்டு இரவுகள் மட்டும் அடுத்த அறையில் விடியும்வரை தூங்குகிறார். முதியவருக்கு என்னை அடையாளம் தெரிவதில்லை. ஈஸ்டர் ஞாயிற்றின் இரவும் இந்த முறை என் முறையாக வந்தது. பத்து மணிக்கு அவரை வலப்பக்கம் திருப்பி, முழங்கால்களுக்கு இடையில் ஒரு சிறு தலையணையை வைத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைத்தேன். அது ஒலிப்பதற்கு முன்பே விழித்திருந்தேன்.